‘வளர்ச்சி குன்றிய குழந்தை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களா? பதறாமல் செய்ய வேண்டியவை

என் மகளுக்கு 3 வயது முடிந்த வாரம் அங்கன்வாடியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. இரண்டே வரி. ‘உயரம் 83.1 செ.மீ. கடுமையான வளர்ச்சி குன்றல்.’ படித்ததும் கண்முன் வந்தது பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே தொங்கும் ‘மனவளர்ச்சி குன்றியோர் பள்ளி’ என்ற பலகைதான். வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளையைப் பார்த்து இப்படி எழுதிவிட்டார்களே என்று ராத்திரி முழுக்க அழுதேன். மறுநாள் காலையில் மெடிக்கல் ஷாப்பில் போய் நின்றேன்.

அடுத்த 18 நாளில் 6,390 ரூபாய் செலவு. உயரம் கூட்டும் என்று சொல்லி விற்ற மாவு இரண்டு டப்பா 1,340. தனியார் லேபில் ‘வளர்ச்சி பேக்கேஜ்’ 3,450. டவுனில் ஒரு டாக்டர் ஃபீஸ் 700. மீதி 900 காருக்குப் போனது. இதில் உருப்படியானது லேப் ரிப்போர்ட்டில் இருந்த இரண்டு வரி மட்டும். அந்தச் சீட்டில் இருந்த சொல்லுக்கு என்ன அர்த்தம், அதை வைத்துக்கொண்டு யாரிடம் போக வேண்டும் என்று முதல் நாளே யாராவது உட்கார்ந்து சொல்லியிருந்தால் இவ்வளவும் மிச்சம். உங்கள் கையிலும் அப்படி ஒரு சீட்டு இருந்தால், கீழே உள்ள வரிசையிலேயே போங்கள்.

1. சீட்டில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள்

அரசுப் பதிவேடுகளிலும் பேச்சிலும் நாலைந்து சொற்கள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. பாதிக் குழப்பம் இங்கேதான்.

‘வளர்ச்சி குன்றல்’, ‘வயதுக்கேற்ற உயரமின்மை’, ‘ஸ்டன்டட்’ மூன்றும் ஒன்றுதான். அந்த வயதுப் பிள்ளைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வரைபடம் காட்டும் கீழ்க்கோட்டைவிட உயரம் குறைவு என்று பொருள். அதற்கு மேல் அந்தச் சொல் எதையும் சொல்லவில்லை. கோடு தாண்டிக் கொஞ்சம் கீழே இருந்தால் ‘மிதமான’, அடுத்த கோட்டுக்கும் கீழே போனால் ‘கடுமையான’.

‘உயரத்துக்கேற்ற எடையின்மை’ அல்லது ‘மெலிவு’ வேறு. உடம்பு இப்போது வற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அவசரம் இதில்தான், இதைப் பற்றி 5-ம் படியில் சொல்கிறேன்.

‘வயதுக்கேற்ற எடையின்மை’ என்றால் வயதுக்கு எடை போதவில்லை. பிள்ளை குட்டையாக இருப்பதால் எடை குறைவாக இருக்கலாம், மெலிந்து போனதாலும் இருக்கலாம். இந்த ஒரு சொல்லை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது.

‘வளர்ச்சித் தாமதம்’ முற்றிலும் வேறு கதை. கழுத்து நிற்பது, உட்காருவது, நடப்பது, பேசுவது தள்ளிப்போவதைச் சொல்வது அது. உயரத்தோடு நேரடித் தொடர்பு இல்லை.

‘மனவளர்ச்சி குன்றிய’ என்பது அறிவுத்திறன் குறைபாட்டுக்குப் பழைய பலகைகளில் எழுதிவைத்த சொல். நம் பிள்ளைகளின் சீட்டில் இருக்கும் ‘குன்றல்’ இதுவல்ல. நாள்பட்ட சத்துக்குறைவு பிள்ளைகளின் படிப்பையும் பாதிக்கக்கூடும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள், அது உண்மை. ஆனால் டேப்பை வைத்து அளந்த ஒரு எண்ணைக் கொண்டு யாரும் உங்கள் பிள்ளையின் மூளையை எடைபோடவில்லை.

என் மாமியாருக்கு இந்தச் சொற்கள் எதுவும் தேவைப்படவில்லை. “சின்னவன் வயித்துல வந்ததுமே இவளுக்குச் சவலை பாஞ்சிருச்சு, நான்தான் அன்னைக்கே சொன்னேனே” என்றார். மகளுக்கு 16 மாதம் இருக்கும்போது தம்பி பிறந்தான். அதற்கு முன்பே பால் நின்றுவிட்டது. டாக்டர் பிறகு கேட்ட கேள்வியும் அதுதான்: “அடுத்த குழந்தைக்கு எத்தனை மாச இடைவெளி?” ஆக, சவலை என்ற சொல்லைப் பழம்பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். அது காரணத்தைச் சொல்கிறது. குன்றல் என்பது அளவைச் சொல்கிறது. இரண்டையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள், நெஞ்சு கொஞ்சம் ஆறும். 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேர் இந்தக் கோட்டுக்குக் கீழேதான். நாலு பிள்ளைக்கு ஒரு பிள்ளை. உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த சீட்டு அல்ல இது.

2. காகிதங்களை ஒரே பையில் சேருங்கள்

ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு மேசையிலும் இவற்றைத்தான் கேட்பார்கள்:

- தாய் சேய் நல அட்டை. கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, அதில் உள்ள பழைய எடைகள் தங்கம்.
- பிறப்புச் சான்றிதழ் நகல்.
- பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டு. பிறப்பு எடையும் எத்தனை வாரத்தில் பிறந்தது என்பதும் வேண்டும்.
- பழைய மருந்துச் சீட்டுகள், முக்கியமாக அடிக்கடி வயிற்றுப்போக்கு, நெஞ்சுச் சளி வந்திருந்தால்.
- அப்பா, அம்மா உயரம். உத்தேசமாகச் சொல்லாதீர்கள், அளந்து எழுதிக்கொண்டு போங்கள். என் கணவர் 15 வருஷமாக “நான் 5 அடி 8” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அளந்தால் 168 செ.மீ., அதாவது 5 அடி 6.

கூடவே அங்கன்வாடிப் பதிவில் இருக்கும் பிறந்த தேதியைச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அளவுகளைப் பதிந்துவைக்கும் போஷன் டிராக்கர் செயலியில் தேதி ஒரு மாதம் தவறினால்கூடக் கணக்கு மாறும், ஏனென்றால் கோடு மாதாமாதம் ஏறிக்கொண்டே போகிறது. டீச்சரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். “டீச்சர், பிறந்த தேதி சரியா இருக்கான்னு ஒரு தடவை பாத்துருங்க” என்றால் போதும், பார்த்துச் சொல்வார்கள்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் கட்டாயம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 2 வயது வரை, எத்தனை வாரம் முன்னதாகப் பிறந்ததோ அத்தனை வாரத்தை வயதிலிருந்து கழித்துத்தான் பார்க்க வேண்டும். 8 வாரம் முந்திப் பிறந்த ஒரு வயதுக் குழந்தையை 10 மாதக் குழந்தையின் கோட்டோடு ஒப்பிட வேண்டும். நாமாகச் சொல்லாவிட்டால் பல இடங்களில் கேட்கமாட்டார்கள்.

செலவு: நகல் எடுக்க 20 ரூபாய். நேரம்: ஒரு சாயங்காலம்.

3. மறுபடி அளக்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் வேறெதையும் படிக்க நேரமில்லை என்றால் இதை மட்டும் படியுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சம்மா மகளை அளந்தபோது 86.2 செ.மீ. வந்தது. 18 நாளில் பிள்ளை 3 செ.மீ. வளராது. நான் திரும்பிப் போய் அங்கன்வாடிச் சுவரைப் பார்த்தேன். சுவரில் ஒட்டியிருந்த ஒட்டகச்சிவிங்கி ஸ்டிக்கரின் பூஜ்யம் தரையில் இல்லை. கீழே பதித்த டைல்ஸ் பட்டைக்கு மேலிருந்து தொடங்குகிறது. ஒரு விரற்கடை. அதிலேயே 2 செ.மீ. காணாமல் போயிருக்கிறது. மிச்சம் ஒரு சென்டிமீட்டர், அழுதுகொண்டு முழங்காலை மடக்கி நின்றதில் போயிருக்க வேண்டும்.

3 வயதுப் பெண் குழந்தைக்கு முதல் கோடு 87.4, இரண்டாவது கோடு 83.6. ஆக 83.1 என்றால் ‘கடுமையான’, 86.2 என்றால் ‘மிதமான’. சொல் முற்றிலும் போய்விடவில்லை, என் மகள் கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறாள். ஆனால் ‘கடுமையான’ என்ற அந்த ஒரு வார்த்தை ஒரு டைல்ஸ் பட்டையால் வந்தது.

வீட்டில் அளப்பது இப்படி:

2 வயதுக்குள் என்றால் படுக்கவைத்து அளக்க வேண்டும், 2 வயதுக்கு மேல் நிற்கவைத்து. படுத்த நீளம் நின்ற உயரத்தைவிட சுமார் 0.7 செ.மீ. அதிகம் வரும். 2 வயதான பிள்ளை நிற்க மறுத்து, படுக்கவைத்து அளந்தால் 0.7 கழித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் படுத்தும் அடுத்த மாதம் நின்றும் அளந்துவிட்டு “குழந்தை குட்டையாகிவிட்டது” என்று போன் பண்ணும் தாய்மார்கள் உண்டு. நானும் பண்ணியிருக்கிறேன்.

நிற்கவைப்பதற்குப் பட்டை, விளிம்பு எதுவும் இல்லாத நேர்ச் சுவர் வேண்டும். கதவின் பின்பக்கம் நன்றாக அமையும். தையல்காரர் டேப் இழுபடும், வேண்டாம். தச்சர் வைத்திருக்கும் இரும்பு டேப் வாங்குங்கள், எனக்கு 95 ரூபாய் ஆனது. பூஜ்யம் தரையைத் தொட ஒட்டிவிடுங்கள்.

செருப்பு, சாக்ஸ், கொலுசு கழற்றுங்கள். உச்சிக்குடுமி, கொண்டை, கிளிப், பூ எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். எண்ணெய் தேய்த்துப் படியச் சீவிய தலை அளக்க உகந்தது. குதிகால், கெண்டைக்கால், பின்புறம், தோள்பட்டை, பின்மண்டை ஐந்தும் சுவரில் படவேண்டும். தொந்தி, பின்புறம் பெரிதாக உள்ள பிள்ளைக்கு ஐந்தும் படாது, முடிந்தவரை போதும். பார்வை நேராக. எதிரே ஒருவர் பிள்ளையின் கண்மட்டத்தில் உட்கார்ந்து கூப்பிட்டால் நேராகப் பார்க்கும். இன்னொருவர் முழங்காலையும் கணுக்காலையும் மெல்ல அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒருவர் மட்டும் அளந்த உயரத்தை நம்பாதீர்கள்.

தலைமேல் தட்டையான கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சுவரோடு செங்கோணமாக வைத்து, முடி அமுங்க இறக்கி, அடிவிளிம்பில் பென்சில் கோடு போடுங்கள். பிள்ளையை விலகச் சொல்லிவிட்டு மில்லிமீட்டர் வரை படியுங்கள். இரண்டு தடவை செய்து சராசரி எடுங்கள். இரண்டுக்கும் இடையே அரை சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது தடவை. காலையில் அளந்தால் எப்போதும் காலையிலேயே அளந்து பாருங்கள். சாயங்காலத்துக்குள் முதுகெலும்பு கொஞ்சம் அமுங்கி உயரம் குறையும்.

4. கோட்டில் வைத்துப் பாருங்கள்

5 வயது வரை உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட அளவுகள். அதற்கு மேல், 18 வயது வரை இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2015 வரைபடம். எங்கள் தாய் சேய் அட்டையில் எடை வரைபடம்தான் இருந்தது, அதனால் இந்த எண்களைத் தனியாக எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்தேன். இதற்குக் கீழே போனால்தான் ‘குன்றல்’:

- 1 வயது: ஆண் 71.0, பெண் 68.9 (படுத்து)
- 2 வயது: ஆண் 81.0, பெண் 79.3 (நின்று)
- 3 வயது: ஆண் 88.7, பெண் 87.4
- 4 வயது: ஆண் 94.9, பெண் 94.1
- 5 வயது: ஆண் 100.7, பெண் 99.9

இவை நடுக்கோடு அல்ல, கீழ்க்கோடு. 3 வயதுப் பெண் குழந்தையின் நடு அளவு 95.1. பக்கத்து வீட்டுப் பிள்ளை 97 இருந்து உங்கள் பிள்ளை 90 இருந்தால் உங்கள் பிள்ளை குன்றியதாகாது.

ஒரே ஒரு அளவை வைத்து டாக்டர்கள் அதிகம் பேசுவதில்லை, வேகத்தைத்தான் கேட்கிறார்கள். முதல் வருஷம் ஏறத்தாழ 25 செ.மீ., இரண்டாவது வருஷம் அதில் பாதி, அதன்பின் குறைந்துகொண்டே வந்து 4 வயதிலிருந்து பருவமடையும் வரை வருஷத்துக்கு 5 முதல் 7 செ.மீ. இந்தக் காலத்தில் வருஷத்துக்கு 5-க்குக் கீழே போனால், பிள்ளை கோட்டுக்கு மேலேயே இருந்தாலும் காட்ட வேண்டும்.

வாராவாரம் அளக்காதீர்கள். அளக்கும்போது வரும் பிழையே அரை சென்டிமீட்டர் இருக்கிறது. வாரத்தில் வளர்வது அதைவிடக் குறைவு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போதும். நடுவில் மனசு கேட்காது, தெரியும்.

“எங்க வம்சமே குட்டை” என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அப்பா உயரம், அம்மா உயரம் இரண்டையும் கூட்டி, ஆண் பிள்ளைக்கு 13 சேர்த்து, பெண் பிள்ளைக்கு 13 கழித்து, இரண்டால் வகுக்க வேண்டும். எங்களுக்கு 168, 150. கூட்டினால் 318, கழித்தால் 305, பாதி 152.5. வளர்ந்த பிறகு மகள் இந்த அளவை ஒட்டி நிற்பாள் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் ‘வம்சம்’ என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். நாமே சின்ன வயதில் சத்தில்லாமல் வளர்ந்து குட்டையாகியிருந்தால் அதுவும் வம்சமாகத்தான் தெரியும்.

5. யாரிடம், எந்த வரிசையில்

முதலில் ஒரு நிமிஷச் சோதனை. 6 மாதம் முதல் 5 வயது வரை உள்ள பிள்ளையின் இடது மேல்கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே சுற்றளவு எடுங்கள். 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தாலோ, இரண்டு பாதங்களிலும் விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றாலோ, இந்தக் கட்டுரையை மூடிவிட்டு இன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது கடுமையான மெலிவாகவோ சத்துக்குறைவால் வந்த வீக்கமாகவோ இருக்கலாம், உயிருக்கு ஆபத்து. 11.5-க்கும் 12.5-க்கும் நடுவே என்றால் அந்த வாரத்துக்குள்.

அது இல்லை என்றால் அவசரம் கிடையாது, வரிசையாகப் போகலாம்.

கிராம சுகாதார செவிலியர், பிறகு ஆரம்ப சுகாதார நிலையம். தடுப்பூசி போடும் நாளில் போகாதீர்கள், கூட்டத்தில் யாரும் நின்று அளக்க முடியாது. வேறொரு நாள் காலை 9 மணிக்குப் போனால் நிதானமாகப் பார்ப்பார்கள். நான் போனபோது 40 நிமிஷத்தில் முடிந்தது.

அங்கன்வாடிகளுக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை நடமாடும் மருத்துவக் குழு வரும். தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் வருவது. அவர்கள் எழுதிக்கொடுத்தால் மாவட்ட அளவிலான இடையீட்டு மையத்துக்கு நேராகப் போகலாம். ஆஸ்பத்திரியில் ‘டி.இ.ஐ.சி.’ என்று கேட்டால் வழி சொல்வார்கள். அங்கே குழந்தை மருத்துவர், சத்துணவு ஆலோசனை, பேச்சு, நடை பார்ப்பவர்கள் எல்லாரும் ஒரே கூரையில். கட்டணம் கிடையாது. குழு வரும் தேதியை டீச்சரிடம் முன்கூட்டியே கேட்டுவைத்து, அன்று பிள்ளையை லீவு போடவிடாதீர்கள்.

நான் செய்த தவறு, நேராக டவுனுக்குப் போனது. கையில் காகிதம் இல்லை, பழைய அளவு இல்லை. அந்த டாக்டரைக் குறைசொல்ல முடியாது, அவருக்குப் பார்க்க ஒன்றுமே இல்லை. “மூணு மாசம் கழிச்சு வாங்க” என்றார்.

ஊட்டச்சத்துப் பெட்டகம் பற்றி ஒரு சண்டை எங்கள் ஊரில் அடிக்கடி நடக்கும். 2022-ல் தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டத்தின் பெட்டகம், கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ள 6 மாதத்துக்குட்பட்ட குழந்தைகளின் தாய்மார்களுக்கானது. ‘உயரம் குறைவு’ என்ற சீட்டைக் காட்டி “எனக்கு ஏன் தரல?” என்று கேட்டால் டீச்சரால் தர முடியாது. அது வேறு கணக்கு.

6. பரிசோதனைகள்: டாக்டர் எழுதிய பிறகு மட்டும்

லேபில் வளர்ச்சிக்கென்றே பேக்கேஜ் வைத்திருக்கிறார்கள். நான் எடுத்ததில் பக்கம் பக்கமாக எண்கள். அரசு மருத்துவமனை டாக்டர் அதைப் புரட்டி இரண்டே இடத்தில் பேனாவால் வட்டம் போட்டார்: ஹீமோகுளோபின், தைராய்டு. தைராய்டு சரி. ஹீமோகுளோபின் 9.6. இந்த வயதுக்கு 11 இருக்க வேண்டும். அந்த இரண்டையும் அங்கேயே இலவசமாக எடுத்திருக்கலாம்.

தேவையைப் பொறுத்துச் சிறுநீர், மலம், சிறுநீரகச் செயல்பாடு கேட்கலாம். கோதுமை ஒத்துக்கொள்ளாத நோய் இருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. இடது கை மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார்கள்; எலும்பு வயது பின்தங்கியிருந்தால் இன்னும் வளர இடம் இருக்கிறது என்று பொருள் கொள்ளலாம். காரணம் தெரியாமல் குட்டையாக இருக்கும் பெண் பிள்ளைக்கு குரோமோசோம் பரிசோதனை எழுதினால் திடுக்கிடாதீர்கள், டர்னர் என்ற நிலையை விலக்குவதற்காகக் கேட்பது அது.

வளர்ச்சி ஹார்மோன் ஊசி பற்றி விளம்பரம் உங்கள் போனுக்கும் வந்திருக்கும். ஹார்மோன் சுரப்புக் குறைவு, டர்னர் போன்ற குறிப்பிட்ட காரணங்கள் உறுதியான பிறகு, ஹார்மோன் நிபுணர் எழுதி, வருஷக்கணக்கில் போடுகிற ஊசி அது. விலையும் தாங்காது. சத்துக்குறைவால் வந்த குன்றலுக்கு அதுவல்ல மருந்து. பரிசோதனை இல்லாமல் “ஆரம்பிச்சுப் பாப்போம்” என்று யாராவது சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

7. சாப்பாடு: எனக்குப் பலித்தவை, ஏமாந்தவை

டப்பா மாவில் இருப்பதில் பெரும்பகுதி சர்க்கரையும் மாவும். லேபிளைத் திருப்பிப் பாருங்கள். ஒரு டப்பாவுக்குக் கொடுத்த 670 ரூபாய்க்கு நிறைய முட்டை வாங்கியிருக்கலாம்.

அரசு தரும் சத்துமாவு வீட்டுக்கு வந்தால் என்ன ஆகிறது? எங்கள் தெருவில் பாதி வீட்டில் கோழிக்கும் மாட்டுக்கும் போகிறது. மீதி, பெரியவர்கள் கொழுக்கட்டை பிடித்துச் சாப்பிடுகிறார்கள். நானும் ஒரு வருஷம் அப்படித்தான் இருந்தேன். கொஞ்சம் நெய்விட்டு வறுத்து, பாலில் கெட்டியாகக் காய்ச்சி, அதில் வாழைப்பழம் மசித்துக் கொடுத்தால் பிள்ளை சாப்பிடுகிறது. தண்ணீராகக் கரைத்தால் துப்புகிறது, அதன்மேல் தப்பில்லை.

2 வயது முடிந்த பிள்ளைகளுக்கு அங்கன்வாடியில் வாரம் 3 முட்டை உண்டு. பிள்ளையை மதியம் 12 மணிக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டால் அந்த முட்டை போச்சு.

சத்துணவு ஆலோசகர் என்னிடம் ஒரு நாள் சாப்பாட்டை மணி வாரியாகச் சொல்லச் சொன்னார். காலையில் டீயும் பிஸ்கட்டும், இட்லி ஒன்று சர்க்கரை தொட்டு, மதியம் ரசம் சோறு, சாயங்காலம் மிக்சர், ராத்திரி பால்சோறு. சொல்லி முடிக்கும்போது எனக்கே புரிந்துவிட்டது. வயிறு நிறைகிறது, பருப்போ முட்டையோ மீனோ ஒரு வேளைகூட இல்லை. “ரசத்தை நிறுத்த வேண்டாம்மா, அடியில் தங்கின பருப்பை அள்ளிப் போடுங்க” என்றார். டீயை முற்றிலும் நிறுத்தச் சொன்னார், அது இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. நெத்திலிக் கருவாட்டைக் கழுவி உப்பு போக்கி வறுத்துப் பொடித்துச் சோற்றில் கலப்பது, வேர்க்கடலையை அரைத்துக் கொடுப்பது (முழுசாக வேண்டாம், தொண்டையில் மாட்டும்), ராகி, முருங்கைக்கீரை. மலிவானவைதான். சின்னப் பிள்ளைக்கு வயிறு சிறிது. மூன்று வேளையில் அடங்காது, நடுவில் இரண்டு தடவை எதையாவது கொடுக்க வேண்டும்.

எண்ணெயும் இனிப்பும் அள்ளிக் கொடுத்து எடையை ஏற்றாதீர்கள். உயரத்துக்கு ஏற்ற எடை சரியாக இருக்கும் பிள்ளைக்கு அது தொந்தியாகும், உயரமாகாது. என் மகள் அப்போது 11.3 கிலோ, உயரத்துக்கு அது போதுமான எடை.

சாப்பாட்டைவிடச் சில வீடுகளில் பெரிய விஷயம், வயிற்றுப்போக்கு. மாதம் ஒரு தடவை போகும் பிள்ளைக்கு எதைக் கொடுத்தாலும் ஒட்டாது. ஓ.ஆர்.எஸ்.ஸோடு துத்தநாக மாத்திரையும் 14 நாள் தரவேண்டும். போக்கு நின்ற மூன்றாம் நாளே நாம் நிறுத்திவிடுகிறோம். பூச்சி மாத்திரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, வைட்டமின் ஏ சொட்டு 9 மாதத்தில் தொடங்கி 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. அட்டையில் விட்டுப்போன கட்டங்களைப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள்.

இரும்புச்சத்து சிரப்பைப் பாலோடு கொடுக்காதீர்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மகளுக்கு மூன்று மாதம் கொடுத்தபின் ஹீமோகுளோபின் 11.2. அதன் பிறகுதான் தட்டை அவளே கேட்க ஆரம்பித்தாள்.

2 வயதுக்குள் பிடித்தால் ஈடுகட்டுவது எளிது. அதற்குப் பிறகும் நடக்கும், ஆனால் மெதுவாக. மூன்று மாதத்தில் அதிசயம் எதிர்பார்த்து மறுபடி மெடிக்கல் ஷாப்புக்கு ஓடாதீர்கள்.

8. படிவங்களிலும் வாயிலும் இந்தச் சொல்

எல்.கே.ஜி. படிவத்தில் ‘வளர்ச்சிக் குறைபாடு ஏதேனும் உண்டா?’ என்று ஒரு கட்டம் இருந்தது. நேர்மையாக இருக்கிறேன் என்று ‘ஆம்’ போட்டுவிட்டேன். பள்ளியிலிருந்து போன்: “சிறப்பு ஆசிரியர் எங்களிடம் இல்லையே.” அவர்கள் கேட்டது 1-ம் படியில் சொன்ன வளர்ச்சித் தாமதத்தை. உங்கள் பிள்ளை வயதுக்கேற்ப நடந்து, பேசி, விளையாடினால் அங்கே ‘இல்லை’ என்று எழுதுங்கள். உடல்நலக் குறிப்பு என்று தனி இடம் இருந்தால் ‘உயரம் குறைவு, மருத்துவக் கண்காணிப்பில்’ என்று எழுதினால் போதும்.

ஊனமுற்றோர் சான்று வாங்கித் தருகிறேன், உதவித்தொகை வரும் என்று ஒரு இடைத்தரகர் வந்தார். 2,000 ரூபாய் கேட்டார். 2016 சட்டத்தில் உள்ளது ‘குள்ளத்தன்மை’: மருத்துவ அல்லது மரபுக் காரணத்தால், வளர்ந்த பிறகு உயரம் 147 செ.மீ. அல்லது அதற்குக் கீழ் நின்றுவிடுவது. 3 வயதுப் பிள்ளையின் அங்கன்வாடிச் சீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பணம் கொடுத்துவிடாதீர்கள்.

வீட்டுக்கு வருகிறவர்கள் வாயை அடைப்பதுதான் கஷ்டம். “என்னடி கட்டை, வளரவே மாட்டியா?” என்று கொஞ்சலாகத்தான் கேட்பார்கள். மகள் ஒரு நாள் கதவுக்குப் பின்னால் போய், அளக்கும்போது செய்வதுபோலத் தலைமேல் புத்தகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். “அம்மா, கட்டை போயிருச்சா பாரு.” அன்றிலிருந்து பிள்ளை எதிரில் அந்தப் பேச்சு எடுப்பவர்களுக்குக் காப்பி கிடையாது. மாமியார் மட்டும் விதிவிலக்கு, அவர் ‘சவலை’ என்பதை விடமாட்டார். ஆனால் கருவாட்டுப் பொடி இடிப்பதும் அவர்தான்.

மூன்றரை வயதில் அளந்தபோது 89.9. அந்த வயதுக் கோடு 90.9. இன்னும் ஒரு சென்டிமீட்டர் கீழே. அங்கன்வாடியில் ஒட்டகச்சிவிங்கியைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள், இப்போது மரப்பலகை நிற்கிறது. அடுத்த அளவு தை மாதம், காலை 8 மணிக்கு, எண்ணெய் தேய்த்துச் சீவின தலையோடு.